பிறந்தது ஒன்பது, இருப்பது ஐந்து

லண்டன்



இங்கே ஓய்வு பெற்றவர்களுக்குத் தோட்ட வேலைக்கு அடுத்த பைத்தியம் குடும்ப வரலாறு. அதை எழுதக் கற்றுத்தரும் நூலக வகுப்புக்கு நானும் போய்வருகிறேன். கூடப் படிப்பவர்களின் வசதியைப் பார்த்தால் பொறாமைதான். தேவாலயப் பதிவேடு 1538 முதல். அரசின் பிறப்பு இறப்புப் பதிவு 1837 முதல். பேர்வாரியான சென்சஸ் 1841 முதல். நூறாண்டு கழிந்தால் சென்சஸ் படிவங்களை யாரும் பார்க்கலாம். (1931ஆம் ஆண்டுடையது மட்டும் 1942இல் தீக்கிரையானது.)

தாள் இருந்தால் கதை வந்துவிடுமா? 1911 படிவம் குடும்பத் தலைவரின் கையெழுத்திலேயே இருக்கிறது. மணமான பெண்களுக்கு அதில் தனிக் கட்டங்கள்: உயிரோடு பிறந்த பிள்ளைகள் எத்தனை, இருப்பவர் எத்தனை, இறந்தவர் எத்தனை. மனைவியை இழந்த சில ஆண்களும் அவற்றை நிரப்பிவிட்டார்கள். விதிப்படி தேவையில்லை என்று அலுவலகத்தில் சிவப்பு மையால் அடித்தார்கள். அடித்தும் எண் தெரிகிறது.

சக மாணவி ஒருவரின் கொள்ளுப்பாட்டிக்கு ஒன்பது, ஐந்து, நான்கு. 'இரவெல்லாம் அழுதாள்' என்று எழுதி வந்தார். எங்கள் ஆசிரியை பென்சிலால் கோடு போட்டார்: அழுதது எந்தத் தாளில் இருக்கிறது? அந்த நான்கு இறப்புச் சான்றிதழ்களையும் வாங்கிப் பாருங்கள். என்ன நோய், எந்தத் தெரு, தகவல் கொடுத்தது யார்? அடுத்த வாரம் வந்த பக்கத்தில் அழுகையே இல்லை. இரண்டு பிள்ளைகள் ஒரே வாரத்தில் போயிருந்தார்கள், இரண்டு சாவையும் பதிவு செய்யப் போனவள் தாய்தான். வகுப்பில் யாரும் பேசவில்லை. ஆனாலும் ஆசிரியை கொஞ்சம் கறார்தான். 'அழுதிருக்கலாம்' என்று எழுத இடம் தரலாம் என்பது என் கட்சி.

நம் இந்திய சென்சஸில் வீடு வீடாக எழுதியதை 1948ஆம் ஆண்டுச் சட்டம் யாருக்கும் காட்டாது. நமக்கு வாய்தான் பதிவேடு. "தனுஷ்கோடிப் புயலப்போ உன் சின்ன மாமா கைப்பிள்ளை" என்கிறாள் அம்மா. 1964 டிசம்பர் என்று கட்டம் கட்டிக்கொள்கிறேன். எந்த வருஷம் என்று கேட்டால் அவளுக்குக் குழப்பம். அப்போது வீட்டில் யார் யார் இருந்தார்கள், பால் மாடு இருந்ததா என்று கேட்டால் போனில் ஒரு மணி நேரம் ஓடுகிறது.

சிக்கல் அத்தைகளிடம். தாத்தா கல்யாணத்தை ஒருத்தி மதுரையிலும் இன்னொருத்தி மானாமதுரையிலும் நடத்திவைக்கிறார்கள். இரண்டையும் எழுதி, சொன்னவர் பேரையும் போடுங்கள் என்கிறார் ஆசிரியை. பேரைப் போட்டால் அடுத்த தீபாவளிக்கு எந்த அத்தை வீட்டில் எனக்குச் சோறு என்று அவருக்கு எப்படி விளக்குவது?