ஆறு மணி இருட்டு

மந்தைவெளியில், பறக்கும் ரயில் பாலத்தை ஒட்டிய சின்னத் தெரு எங்களுடையது. பால்கனிக்கும் பால்கனிக்கும் நடுவே பத்தடி இருந்தால் அதிகம். எதிர்வீட்டில் தாளிக்கிற கடுகு என் வீட்டில் வெடிக்கும். அங்கே பேசுவதை ஒட்டுக்கேட்க வேண்டியதில்லை. அதுவாக வந்து விழும்.

அந்தப் பால்கனியில் வலை அடித்து, உள்ளே ஒரு கூண்டு. கூண்டில் ராஜா. வெள்ளை உடம்பு, எலுமிச்சை மஞ்சளில் நீண்ட கொண்டை, கன்னத்தில் வட்டமாக ஆரஞ்சுப் பொட்டு. காக்டெயில் என்று கடைக்காரர்கள் சொல்லும் ஆஸ்திரேலியக் கொண்டைக்கிளி. இந்த வெள்ளை வகையில் ஆணா பெண்ணா என்று பார்த்துச் சொல்வது கஷ்டம். ஆண் என்று நினைத்துத்தான் பெயர் வைத்தார்கள். ஒரு நாள் காலையில் கூண்டின் தரையில் முட்டை கிடந்தது. ராஜா ‘அவள்’ ஆனாள். பெயர் மட்டும் நின்றுவிட்டது.

இப்போது அவளுக்கு அடியில் ஐந்து முட்டைகள். ஒருநாள் விட்டு ஒருநாள் இட்டவை. கிழித்துப் போட்ட செய்தித்தாளின் மேல், மூலையில் ஒடுங்கி உட்கார்ந்திருக்கிறாள். அவ்வப்போது எழுந்து அலகால் ஒவ்வொன்றாகப் புரட்டுகிறாள். மறுபடி உடம்பைப் பரப்பி மூடிக்கொள்கிறாள். ஜோடி கிடையாது. சேவல் இல்லாமலும் கோழி முட்டையிடுவதுபோலத்தான் இதுவும். எதிலும் கரு இல்லை.

லீவுக்கு வந்திருந்த பேத்தி கேட்டாள்: “எப்ப பாட்டி குஞ்சு வரும்?”

எதிர்வீட்டு அம்மா ஒரு முட்டையை எடுத்து டார்ச்சின் முகத்தில் வைத்துக் காட்டினார். “உயிர் இருந்தா உள்ள செவப்பா நரம்பு ஓடும். பாரு, வெறும் மஞ்சள் வெளிச்சம்தான்.”

“அப்ப கூமுட்டையா?”

அம்மா முட்டையை எடுத்த இடத்திலேயே வைத்தார். “நமக்குத்தாண்டி கூமுட்டை. அவளுக்கு முட்டை.”

போன வருடம் இந்தப் பொறுமை அந்த வீட்டில் இல்லை. கரு இல்லாத முட்டை எதற்கு என்று இட இட எடுத்துவிட்டார்கள். எடுக்க எடுக்க அவள் இட்டாள். அடியில் முட்டை குறைந்தால் ஈடுகட்டப் பார்ப்பது பறவையின் இயல்பு. 90 கிராம் உடம்பு. ஒரு முட்டை ஏறக்குறைய 5 கிராம். ஐந்து இட்டாலே உடம்பில் கால் பங்கு போயிற்று. ஓட்டுக்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்து தீனியில் போதாதபோது எலும்பிலிருந்து கரைகிறது. கடைசியில் ஒரு முட்டை வெளியே வராமல் நின்றுவிட்டது.

அந்தக் காலை எனக்கு மறக்காது. கூண்டின் தரையில் இறகெல்லாம் உப்பிப் பந்தாகக் கிடந்தாள். வாய் திறந்திருந்தது. ஒவ்வொரு மூச்சுக்கும் வால் ஏறி இறங்கியது. அம்மா துண்டு விரித்த கூடையை மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் வேப்பேரிக்குப் போனார். 1903-இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரி அங்கேதான். மாலையில் திரும்பியபோது, கூடையை அவர் பிடித்திருந்த விதத்திலேயே உள்ளே உயிர் இருப்பது தெரிந்தது.

அதற்குப் பிறகுதான் அந்த வீட்டின் வழக்கம் மாறியது. அம்மா வீட்டுக்காரரிடம் சொல்லிச் சொல்லி எனக்கும் பாடமாகிவிட்டது. ஆஸ்திரேலியாவின் வறண்ட வெளியில் இந்தக் கிளி மழைக்குக் காத்திருக்குமாம். மழை பெய்து, புல் விதை பிடித்தால்தான் கூடு, முட்டை எல்லாம். மந்தைவெளி வீட்டில் வருடம் முழுக்கக் கிண்ணம் நிறையத் தினை. இரவு பதினொரு மணி வரை டியூப்லைட். விளையாட ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி. முதுகைத் தடவ ஒரு கை. மழைக்காலம் வந்துவிட்டது, துணையும் வந்துவிட்டது என்று அவள் உடம்பு எடுத்துக்கொண்டது. கொடுத்த செல்லமெல்லாம் முட்டையாக வந்தது.

இப்போது கண்ணாடி இல்லை. சூரியகாந்தி விதை எண்ணி விழுகிறது. கம்பியில் கடல் நுரை கட்டியிருக்கிறது. நாட்டு மருந்துக் கடையில் அந்தப் பெயரில் கிடைக்கும் கணவாய் ஓடு, முழுக்கச் சுண்ணாம்பு. அவள் வந்து சுரண்டித் தின்கிறாள். முருங்கைக்கீரை காம்போடு தொங்குகிறது. ஜன்னல் கண்ணாடி வழியாக வரும் வெயில் போதாது, நேர் வெயில் பட்டால்தான் சுண்ணாம்பு உடம்பில் ஒட்டும் என்பதால் காலையில் கொஞ்ச நேரம் திரை விலகுகிறது. தலையை மட்டும் ஒரு விரலால் வருடிக் கொடுக்கிறார். பழக்கத்தில் முதுகுக்கு நகரும் விரல் கழுத்தோடு நின்றுவிடுகிறது. அந்த நிற்றலைப் பார்க்கும்போதெல்லாம் தோன்றும்: அள்ளிக் கொடுப்பதைவிட இதற்குத்தான் அதிக அன்பு வேண்டும்.

முட்டையை மட்டும் யாரும் எடுத்துவிடுவதில்லை. பொரிக்கிற காலம் மூன்று வாரம். காலண்டரில் தினம் ஒரு புள்ளி.

“எங்க ஊர்ல அடைக்கோழிய தண்ணியில முக்கி, மூக்குல இறகு குத்துவாங்க. அடை தெளிஞ்சிடும்” என்றார் வீட்டுக்காரர்.

“அவளாவே தெளியட்டும். நாள் இருக்கில்ல” என்றார் அம்மா.

சாயங்காலம் பச்சைக்கிளிகள் கத்திக்கொண்டு கூட்டமாகப் பறக்கும். அவற்றைக் கூண்டில் வைக்க 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இடம் தராது. இவளையோ வெளியே விட வழியில்லை, பிழைக்கத் தெரியாது. அந்தச் சத்தத்துக்கு ராஜாவின் கொண்டை விறைத்து நிற்கும். உடம்பு அசையாது.

சரியாக ஆறு மணிக்கு அம்மா கூண்டின் மேல் கறுப்புப் போர்வையை இறக்குவார். காலை ஏழு வரை இருட்டு. பகல் சுருங்கினால், பருவம் முடிந்தது என்று உடம்புக்குப் புரியும். அந்த வீட்டு டியூப்லைட் உள்ளறைக்குப் போய்விட்டது. டிவி சத்தம் குறைந்தது.

ஒரு நாள் போர்வை என் பக்கம் எட்டவில்லை. இடைவெளியில் என் பால்கனி பல்பின் வெளிச்சம் நேராக முட்டைகளின் மேல் விழுந்தது. அம்மா பல்பைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் செய்தித்தாளை மடித்துக் கிளிப் போட்டு மறைத்தார். மறுநாளிலிருந்து நான் கூடத்தில் உட்கார்ந்து படிக்கிறேன்.

24-ஆம் நாள் ராஜா எழுந்தாள். குச்சியில் ஏறி, இறகு கோதி, வெகுநேரம் தினை தின்றாள். மூலையில் முட்டைகள் தனியாகக் கிடந்தன. திரும்பிப் பார்க்கவில்லை. அம்மா அன்றும் எடுக்கவில்லை. மறுநாளும் அவள் முட்டைப் பக்கம் போகவில்லை என்று பார்த்த பிறகே, ஐந்தையும் ஒரு கிண்ணத்தில் எடுத்து, கறிவேப்பிலைத் தொட்டியில் புதைத்தார். கூண்டை எதிர் மூலைக்கு மாற்றினார்.

இருட்டு இன்னும் சில வாரம் வேண்டும். ஆறு மணிக்கு எதிரே போர்வை இறங்குகிறது. பழக்கத்தில் சுவிட்சுக்குப் போன என் கை, தொடாமல் திரும்புகிறது.