அப்பாயியின் ஜெபத்துக்கு ஓர் ஆமென்

கிறிஸ்தவன் என்று சொன்னால் அலுவலகத்தில் அடுத்த கேள்வி தயாராக இருக்கும்: ‘ஆர்.சி.யா, சி.எஸ்.ஐ.யா, பெந்தெகொஸ்தேயா?’ ‘பாப்டிஸ்ட்’ என்பேன். ஒரு சின்ன மௌனம் விழும். மார்ட்டின் லூதர் கிங் பாப்டிஸ்ட் போதகர்தான், நாகாலாந்தில் பெரும்பான்மையினர் பாப்டிஸ்ட்கள்தான் என்றெல்லாம் சொல்லிப் பார்ப்பேன். ஆனால் புதுக்கோட்டை மாவட்டத்தில் நாங்கள் ஒரு கைப்பிடிதான். இங்கே கத்தோலிக்கர்களுக்கு ஆவூர் இருக்கிறது, மதுரை மிஷன் குருமார்கள் காலத்திலிருந்து தொடரும் வரலாறு இருக்கிறது. எங்கள் சபைக்கு இருப்பது ஆலங்குடிப் பக்கம் ஒரு தகரக் கூரைக் கட்டடம், 35 குடும்பங்கள், ஓர் உறுப்பினர் பதிவேடு.

அந்தப் பதிவேட்டில் ஒரு பெயர் எப்படி ஏறுகிறது என்பதைச் சொல்லக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். 1609-இல் ஆம்ஸ்டர்டாமில் தஞ்சம் புகுந்திருந்த ஜான் ஸ்மித் என்ற ஆங்கிலேயர், குழந்தையாக இருந்தபோது தனக்குக் கொடுக்கப்பட்ட ஞானஸ்நானம் செல்லாது என்று முடிவெடுத்து, தனக்குத் தானே ஞானஸ்நானம் கொடுத்துக்கொண்டார். விவரம் தெரியாத குழந்தைக்காக வேறு யாரும் விசுவாசத்தை அறிக்கையிட முடியாது என்பது அவர் வாதம். அவரோடு இருந்த தாமஸ் ஹெல்விஸ் இங்கிலாந்து திரும்பி, மனிதரின் ஆத்துமாவின் மேல் அரசருக்கு அதிகாரமில்லை என்று எழுதினார். நியூகேட் சிறையில் போட்டார்கள். வெளியே வரவில்லை. வில்லியம் கேரி 1793-இல் வங்கத்தில் வந்திறங்கினார். ஒரு காலத்தில் செருப்புத் தைத்தவர். ஏழு வருஷம் கழித்து, 1800 டிசம்பரில், கிருஷ்ண பால் என்ற தச்சருக்கு ஹூக்ளி ஆற்றில் முழுக்கு ஞானஸ்நானம் கொடுத்தார். இந்த வரலாறு முழுக்க ஓடுவது ஒரே நம்பிக்கைதான்: உனக்காக நீதான் சொல்ல வேண்டும். உன் வாயால், விவரம் தெரிந்து.

என் அப்பாயி அப்படிச் சொன்னது 1968-இல், ஊர்க் கண்மாயில். எங்கள் வானம் பார்த்த பூமியில் ஞானஸ்நானத்துக்கு நாள் குறிப்பது போதகர் இல்லை, மழைதான். ஐப்பசியில் பெய்து கண்மாயில் இடுப்பளவு தண்ணீர் நிற்க வேண்டும். “கார்த்திகை பொறந்துருச்சு, தண்ணி அப்புடியே ஐஸு. முங்கி எந்திரிச்சப்ப கரையில ஆடு மேய்க்கிற பய கை தட்டுறான்” என்று ஒவ்வொரு வருஷமும் அதே வார்த்தைகளில் சாட்சி சொல்வார். தாத்தா அரசுப் பேருந்து ஓட்டுநர். இரண்டு வருஷம் யோசித்துவிட்டுத்தான் கண்மாயில் இறங்கினார்.

எங்களிடம் ஜெபப் புத்தகம் கிடையாது. புதன்கிழமை ராத்திரி ஜெபக்கூட்டத்தில் ஒரு நோட்டு சுற்றிவரும். இலங்கைக் கடற்படை பிடித்துப்போன கோட்டைப்பட்டினத்து மீனவர், சிங்கப்பூரில் சம்பளம் வராத மகன், தண்ணீர் வராத போர், கல்யாணம் தள்ளிப்போகும் பெண் எல்லாம் அதில் வரிசையாக இருக்கும். ஆளுக்கு இரண்டு பேரைப் பிரித்துக்கொண்டு சத்தமாக ஜெபிப்போம். ஒருவர் முடித்ததும் மற்றவர்கள் ஆமென் சொல்வோம். எபிரேய மொழியிலிருந்து வந்த சொல் அது. உறுதி, அப்படியே ஆகட்டும் என்று பொருள். அதற்குப் பிறகு வரக்காப்பி, முறுக்கு. இதை நாங்கள் ஐக்கியம் என்போம். உண்மையில் ஊர் நியாயம் பாதி அங்கேதான் நடக்கும்.

அப்பாயிக்கு அந்த நோட்டு தேவைப்பட்டதில்லை. 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் கரை கடந்தது. எங்கள் பக்கம் தென்னை பாதிக்கு மேல் சாய்ந்தது. ஞாயிற்றுக்கிழமை கரண்ட் இல்லை, சபையின் கூரையில் நாலு தகரம் இல்லை. அப்பாயி எழுந்து ஜெபித்தார். கிழக்குத் தெருவில் முதல் வீட்டில் தொடங்கி, வீட்டு வரிசை பிசகாமல், எந்த வீட்டில் எத்தனை தென்னை விழுந்தது, யார் வீட்டுப் பசு செத்தது, யார் கைக்குழந்தையோடு பள்ளிக்கூடத்தில் தங்கியிருக்கிறார்கள் என்று சொல்லிக்கொண்டே போனார். சபையில் இல்லாத வீடுகளும் அதில் இருந்தன. கடவுளிடம் கணக்கு ஒப்புவிப்பது போல இருந்தது. நிவாரணக் கணக்கெடுப்புக்கு வந்தவர்கள் அதைக் கேட்டிருந்தால் அவர்கள் வேலை சுலபமாகியிருக்கும்.

மூன்று வருஷத்தில் அந்த வரிசை கலைந்தது. முதலில் கிழமை போனது. பிறகு அடுப்பில் வைத்த பால். பிறகு பெயர்கள். புதியவை முதலில் போயின. நான் போனேன், என் தங்கை போனாள், அப்பா கொஞ்ச நாள் தாக்குப்பிடித்தார். அல்சைமர் என்று திருச்சியில் சொன்னார்கள். புதன்கிழமை வந்தால் மட்டும் எப்படியோ சேலை மாற்றிக்கொண்டு வாசலில் நிற்பார்.

அப்படி ஒரு புதன்கிழமை நானும் ஊரில் இருந்தேன். அப்பாயியின் முறை வந்தது. கண்ணை மூடிக்கொண்டு தெளிவாக ஜெபித்தார்: “ஆண்டவரே, அவுக ராத்திரி வண்டிக்குப் போயிருக்காக. மழையா இருக்கு. வண்டி பத்திரமா வந்து சேரணும்.” தாத்தா இறந்தது 1999-இல்.

சபைக்கு வெளியே இருப்பவர்களுக்கு இது உருக்கமான காட்சி, அவ்வளவுதான். உள்ளே இருப்பவர்களுக்கு இது ஒரு சிக்கல். இறந்தவர்களுக்காக நாங்கள் ஜெபிப்பதில்லை. கத்தோலிக்கர்களிடமிருந்து எங்களைப் பிரிக்கும் கோடுகளில் அது ஒன்று. அந்த ஜெபத்துக்கு என்ன பதில் சொல்வது? இரண்டு மூன்று விநாடி யாரும் பேசவில்லை. பிறகு பின்வரிசையிலிருந்து, கீரமங்கலம் சந்தையில் பூ விற்கும் அக்கா, “ஆமென்” என்றார். உடனே எல்லோரும் சொன்னார்கள்.

அது எதற்கான ஆமென் என்று ரொம்ப நாள் யோசித்திருக்கிறேன். பொய்க்குச் சொன்னதில்லை. பரிதாபத்துக்குச் சொன்னது என்றும் தோன்றவில்லை. மழை ராத்திரியில் வண்டியோட்டப் போனவருக்காகக் கண்விழித்த ஒரு பெண்ணின் முப்பது வருஷ ஜெபம் அது. அதற்கு அந்தச் சபை ஏற்கெனவே ஆயிரம் ஆமென் சொல்லியிருந்தது. இன்னொன்று சொன்னது, அவ்வளவே.

ஆனால் பந்தி அவ்வளவு சுலபமாக இல்லை. மாதத்தின் முதல் ஞாயிறு எங்களுக்குக் கர்த்தருடைய பந்தி. அப்பமும் திராட்சைச் சாறும் கிறிஸ்துவின் உடலும் இரத்தமும் ஆகின்றன என்று நாங்கள் நம்புவதில்லை. 1529-இல் மார்பர்க்கில் லூத்தரும் ஸ்விங்லியும் முட்டிக்கொண்டது இதில்தான். எங்கள் சபை ஸ்விங்லி பக்கம்: பந்தி ஒரு நினைவுகூருதல். தன்னைத் தானே சோதித்துப் பார்த்துவிட்டுத்தான் அப்பத்தைத் தொட வேண்டும் என்று பவுல் கொரிந்தியருக்கு எழுதியிருக்கிறார். அப்படியானால் நினைவே இல்லாதவர் எதை நினைவுகூர்வார்? எதைச் சோதிப்பார்?

இந்தக் கேள்வியை எழுப்பியவர் எங்கள் உதவிக்காரர்களில் ஒருவர். நல்ல மனிதர். அப்பாயியை ஆஸ்பத்திரிக்குத் தன் ஆட்டோவில் கூட்டிப்போனவர். எங்களுக்கு மேலே பிஷப் கிடையாது. உறுப்பினர் கூட்டம்தான் முடிவெடுக்கும், ஆளுக்கு ஒரு ஓட்டு.

“அவுகளுக்குத் தெரியாமக் குடுக்கலாம்னா, சின்னப் புள்ளைகளுக்கும் குடுக்கலாம்லய்யா?” என்றார். சரியான கேள்வி. ஜான் ஸ்மித்தே எழுந்து வந்தாலும் இதைத்தான் கேட்டிருப்பார்.

பூக்கார அக்கா சொன்னார்: “என்னைய இந்தச் சபைக்குக் கையப் புடிச்சுக் கூட்டியாந்ததே அவுகதான். அவுகளுக்கு ஞாபகம் இல்லேன்னா என்ன, நமக்கு இருக்குல்ல?”

போதகர் கடைசியாகப் பேசினார். “புள்ளைங்க இன்னும் சொல்லலை. இவங்க சொல்லிட்டாங்க, 1968-லயே. சொன்ன வார்த்தைய மறந்திருக்காங்க, திரும்ப வாங்கிக்கலையே.”

கைகள் உயர்ந்தன. உதவிக்காரர் உயர்த்தவில்லை. ஆனால் அடுத்த முதல் ஞாயிறு தட்டை ஏந்திக்கொண்டு அப்பாயியிடம் வந்தவர் அவர்தான். அப்பத்தைச் சாற்றில் நனைத்து, விக்காமல் இருக்கச் சின்னதாகக் கிள்ளி, வாயில் வைத்தார்.

வேதாகமத்தில் ‘நினைத்தருளினார்’ என்று வரும் இடங்களைப் பார்த்தால், அது மனதுக்குள் நடக்கும் காரியமாக மட்டும் இல்லை. கடவுள் நோவாவை நினைக்கிறார், வெள்ளம் வடிகிறது. அன்னாளை நினைக்கிறார், குழந்தை பிறக்கிறது. நினைப்பது என்றால் செய்வது. ஸ்காட்லாந்து இறையியலாளர் ஜான் ஸ்விண்டன் 2012-இல் டிமென்ஷியா பற்றி ஒரு நூல் எழுதினார். ஒருவர் தன்னை நினைவில் வைத்திருப்பதால் அவர் மனிதராக இருப்பதில்லை, கடவுள் அவரை நினைவில் வைத்திருப்பதால் இருக்கிறார் என்பது அதன் சாரம். நான் சர்வர்களோடு பிழைப்பு நடத்துகிறவன். முக்கியமான தரவை ஒரே எந்திரத்தில் வைக்கக்கூடாது என்பது எங்கள் தொழிலின் பாலபாடம். ஆனால் பிரதி எடுத்து வைப்பது மட்டும் நினைவு ஆகாது. சித்தன்னவாசல் ஏழடிப்பட்டத்தில் சமணத் துறவிகளின் கல் படுக்கைகள் இருக்கின்றன. பெயர்களும் வெட்டப்பட்டிருக்கின்றன. கல் பெயரைக் காப்பாற்றும். வந்து பக்கத்தில் உட்காராது.

எங்கள் சபையில் உட்கார்ந்தார்கள். ராத்திரியில் அப்பாயி எழுந்து நடப்பார். கதவைத் திறந்துகொண்டு தாத்தா வண்டியைப் பார்க்கப் போவார். அம்மா தூங்கி மாதங்கள் ஆகியிருந்தன. ஆமென் வந்து பெட்ஷீட் துவைக்காது என்பது அம்மாவுக்குத் தெரியும், சபைப் பெண்களுக்கும் தெரிந்திருந்தது. செவ்வாயும் வெள்ளியும் மத்தியானம் இரண்டு பேர் முறைவைத்து வந்தார்கள். அம்மா போய்ப் படுப்பார். வந்தவர்கள் அப்பாயியோடு பூக்கட்டுவார்கள். விரல்கள் நாரை மறக்கவில்லை. ஜெபநோட்டில் அப்பாயியின் பெயருக்குக் கீழே அம்மாவின் பெயரையும் யாரோ எழுதியிருந்தார்கள்.

உனக்காக நீதான் சொல்ல வேண்டும் என்பதை நான் இன்னும் நம்புகிறேன். அதற்காகச் சிறை போனவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அப்படிச் சொல்லி உள்ளே வருகிறவரிடம் சபையும் பதிலுக்கு ஒன்றைச் சொல்கிறது. அதை நான் அதுவரை கவனித்ததில்லை. நீ சொன்னதை நாங்கள் கேட்டோம் என்கிறது. கேட்டவர்கள் இருக்கும்வரை அந்த வார்த்தை செல்லும்.

ஒவ்வொரு ஜனவரியிலும் முதல் உறுப்பினர் கூட்டத்தில் பதிவேட்டைத் திறந்து பெயர் வாசிப்பார்கள். இறந்தவர், ஊர் மாறியவர் பெயர்களை எடுத்துவிடுவார்கள். இருப்பவர்கள் ‘இருக்கேன்’ என்பார்கள். போன ஜனவரியில் அப்பாயியின் பெயர் வந்தபோது அவர் முறுக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். தன் பெயர் அவருக்குத் தெரியவில்லை. உதவிக்காரர்தான் வாசித்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தார்.

“இருக்காக” என்று பெண்கள் பக்கத்திலிருந்து நாலைந்து குரல் வந்தது. அவர் பேனாவால் ஒரு டிக் போட்டுவிட்டு அடுத்த பெயரை வாசித்தார்.