பருத்தி நாற்றுக்கு எந்த இயந்திரம்?

திருவாரூர் மாவட்டத்தில் குடவாசல், நன்னிலம் பக்கம் சம்பா அறுத்த தரிசில் பருத்தி போடுகிறார்கள். வயலின் ஈரம் காய்வதற்குள் விதை ஊன்றியாக வேண்டும்; குறுவைக்குத் தண்ணீர் வருவதற்குள் பஞ்சு எடுத்து முடித்தாக வேண்டும். சம்பா அறுப்பு 10 நாள் தள்ளிப்போனால் பருத்திக்கு அந்த 10 நாளும் நட்டம். பிந்தி வெடிக்கும் காய்கள் மழையில் நனைந்துவிட்டால் விற்பனைக்கூட ஏலத்தில் விலை இறங்கிவிடும். இந்த வயல்களைப் பார்த்த பிறகு எனக்கு ஒன்று உறுதிப்பட்டது: பருத்தியை நாற்றுவிட்டு நடுவதால் இங்கே மிச்சமாவது நாள்கள்தான். நெல் நிற்கும்போதே குழித்தட்டில் விதை போட்டு வைத்தால், அறுப்பு முடியும்போது ஏறத்தாழ 20 நாள் நாற்று தயாராக இருக்கும்.

பருத்தி ஆணிவேர்ப் பயிர், பிடுங்கி நட்டால் தேறாது என்பார்கள். வெறும் வேரோடு பிடுங்கினால் அது உண்மை. முளைக்காத இடங்களில் நடுவதற்குப் பாலித்தீன் பையில் பருத்தி நாற்று வளர்க்கச் சொல்லும் பரிந்துரை வெகுநாளாக இருக்கிறது. மண்கட்டி உடையாமல் நட்டால் செடி தேறிவிடுகிறது. குழித்தட்டிலும் அப்படித்தான். அடித்துளையில் விரல் கொடுத்துத் தள்ளினால், தென்னை நார்க்கழிவை வெள்ளை வேர்கள் வலைபோலப் பிடித்திருக்க, நாற்று முழுக்கட்டியாக வெளியே வரும். வயது குறைந்தால் கட்டி உதிர்ந்துவிடும்; கூடினால் வேர் குழிக்குள்ளேயே சுருண்டுவிடும். நடவின் வெற்றி தோல்வி பெரும்பாலும் இந்தச் சில நாள் இடைவெளியில்தான் தீர்மானமாகிறது. ஆகவே இயந்திரத்துக்கு முன் நாற்றங்கால் சரியாக வேண்டும்; நெல் நடவு இயந்திரத்துக்கும் முதலில் பாய் நாற்றங்கால் தேவைப்பட்டது.

டிராக்டர் இழுக்கும் அரைத்தானியங்கி இயந்திரத்தில் ஆள் உட்கார்ந்து, சுழலும் கிண்ணங்களில் நாற்றை ஒவ்வொன்றாகப் போடுவார். திறந்த சாலில் அது இறங்கியதும் பின்சக்கரங்கள் மண்ணை அணைக்கும். 90க்கு 60 சென்டிமீட்டர் இடைவெளியில் ஏக்கருக்குச் சுமார் 7,500 செடி. இருவர் நிமிடத்துக்குத் தலா 30 நாற்று போட்டால், திரும்பும் நேரம் நீங்கலாக இரண்டு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகும். ஆனால் அதற்கு 98 குழி கொண்ட தட்டுகள் 77 வேண்டும். தவிர, இந்த இயந்திரம் உழுது பொடியான மண்ணைக் கேட்கிறது. டெல்டாவின் களிமண்ணோ ஈரத்தில் சக்கரத்தில் அப்பும், காய்ந்தால் பாளமாகும். உழவுக்காகக் காத்திருந்தால் நாற்றால் மிச்சமான நாளும் ஈரமும் சேர்ந்து போய்விடும். அதனால் இங்கே எனக்குப் பொருத்தமாகப் படுவது, காய்கறி நாற்றுக்குப் பயன்படும் கைக்கருவி. குழாயில் நாற்றைப் போட்டு, அலகு போன்ற முனையை மண்ணில் குத்திப் பிடியை அழுத்தினால் முனை திறந்து நாற்று இறங்கும். உழவு வேண்டாம், நாளெல்லாம் குனிந்து குச்சியால் குழிபோடும் பெண்கள் நிமிர்ந்து நின்று நடலாம்.

நேரே விதைத்தால் போதாதா? பருவம் நீண்ட இடத்தில் போதும். மானாவாரிக் கரிசலுக்கு நாற்று வேண்டியதே இல்லை. ஆனால் சீனத்தின் யாங்சி ஆற்றுப் படுகையில் கோதுமைக்கும் கடுகுக்கும் பின்னால் பருத்தியைக் கட்டி நாற்றாகக் கையால் நட்டுத்தான் இருபோகம் கண்டார்கள். கிராமத்து ஆள்கள் நகரத்துக்குப் போனபின் அந்த வேலை தாங்கவில்லை, பரப்பு சுருங்கியது. இன்று அந்நாட்டுப் பருத்தியில் 90 சதவீதத்துக்கு மேல், இயந்திரத்தால் நேரே விதைக்கும் சின்சியாங்கில் விளைகிறது. நாற்று நடவு நிலைக்க வேண்டுமானால் கருவி வேண்டும் என்பதே இதன் பாடம். கருவி வந்தால் நம் பெண்களின் கூலி போய்விடும் என்ற கவலையை நான் மதிக்கிறேன். ஆனால் பருத்தியில் கூலி நாள்கள் பெரும்பாலும் களையிலும் பஞ்செடுப்பிலும்தான். நாற்றங்கால் அவர்கள் கைக்கு வந்தால் ஊன்றும் வேலை குறைவதை அது ஈடுகட்டும்.

ஆகவே வேளாண் துறைக்கு என் கோரிக்கை: டிராக்டர் இயந்திரத்துக்கு மானியம் தருமுன், ஊருக்கு ஒரு நிழல்வலை நாற்றங்காலுக்கும் கைக்கருவிகளுக்கும் தாருங்கள், அவற்றை இப்போது விதை ஊன்றும் பெண்களின் குழுக்கள் பெயரிலேயே தாருங்கள்.