கவ்விப் பிடிக்கும் முனை

சங்ககிரி ரோட்டில் அப்பா பஞ்சர் கடை வைத்திருந்தார். லாரி டயருக்குக் காத்தடிக்கும்போது குழாய் முனையை வால்வில் அழுத்தியபடி சக்கரத்துக்கு எதிரிலேயே குந்தியிருப்பார். கையை எடுத்தால் காற்று ஏறாது.

பழைய லாரி சக்கரங்களில் டயரை ரிம்மோடு பிடித்துவைப்பது ஒரு லாக் ரிங். அது காடியில் சரியாக உட்காராமல் நூறு பி.எஸ்.ஐ. ஏறினால் குண்டு மாதிரித் தெறிக்கும். அப்பாவுக்கு இது தெரியும். ரிம் ஓட்டைகளில் குறுக்கே கடப்பாறையைச் செருகுவார், அவசரமென்றால் அதுவும் இல்லை. நான் இன்ஜினியரிங்கில் அழுத்தம் பற்றிப் பரீட்சை எழுதித் தேறியவன். ஒருநாளும் அந்தக் கணக்கை எங்கள் கடையில் போட்டுப் பார்த்ததில்லை.

ஒரு சாயங்காலம் ரிங் தெறித்துத் தகரக் கூரையைக் கிழித்தது. தண்ணீர் குடிக்க அப்போதுதான் எழுந்திருந்தார்.

பிறகு தேடிப் படித்தேன். இத்தகைய சக்கரங்களுக்கு, தானாகக் கவ்விக்கொள்ளும் கிளிப் முனையை அமெரிக்கப் பணியிடப் பாதுகாப்பு விதிகள் கட்டாயமாக்கியிருக்கின்றன. கிளிப் மட்டும் போதாது. நிறுத்த மறுபடி கிட்டே போக வேண்டுமே. நீளமான குழாயும், அதன் நடுவே அடைப்பானும் கேஜும் வேண்டும். எல்லாம் வாங்கி அனுப்பினேன்.

"கை இருக்குல்ல, இது எதுக்குடா?" என்றார். ஆறு மாசம் ஆணியில் தொங்கியது.

பொங்கலுக்குப் போனபோது குழாய் தரையில் நீண்டு கிடந்தது. அப்பா பக்கவாட்டில் தள்ளி நின்று கேஜைப் பார்த்துக்கொண்டிருந்தார். எண்பதைத் தாண்டியதும் ரிங் சத்தம் கேட்கச் சக்கரத்துக்கிட்ட குனிந்தார். "அப்பா!" என்று கத்தினேன்.