சயாம் கோயிலுக்குப் போன பாட்டி

பைராம் தோட்டத்தில் பிறந்து வளர்ந்த எங்களுக்குப் பினாங்குத் தீவு என்றாலே தைப்பூசம்தான். நிபோங் திபாலில் பஸ் ஏறி, பட்டர்வொர்த்தில் ஃபெரி பிடித்து, தண்ணீர்மலைக்குப் போய்க் கும்பிட்டுவிட்டுத் திரும்பிவிடுவோம். போன பள்ளி விடுமுறையில் பிள்ளைகள் பிடிவாதம் பிடித்ததால், புலாவ் திக்குசில் லோரோங் பர்மாவிலுள்ள சயாம் கோயிலைப் பார்க்கப் புறப்பட்டோம்.

"சயாமா? நான் வரலே" என்றார் பாட்டி. ஜப்பான்காரன் காலத்தில், 1943இல், அவருடைய அப்பாவை ரயில் பாதை போடச் சயாமுக்குக் கொண்டுபோனார்கள். போனவர் திரும்பவில்லை. பாட்டிக்கு அப்போது மூன்று வயது. கெஞ்சிக் கூத்தாடித்தான் அழைத்துப்போனோம்.

1845இல் கிடைத்த நிலத்தில் எழுந்த கோயில் அது. உள்ளே 33 மீட்டர் நீளத்தில், பொன்னிறத்தில் புத்தர் படுத்திருக்கிறார். "நம்ம ரங்கநாதர் மாதிரியே இருக்காரு!" என்றான் சின்னவன். பார்வைக்கு அப்படித்தான். ஆனால் அரங்கன் கொள்வது அறிதுயில். இதுவோ குசிநகரத்தில் இரண்டு சால மரங்களுக்கு நடுவே, வலப்பக்கம் சாய்ந்து, புத்தர் உயிர் நீத்த கோலம். முகத்தில் வேதனையின் சாயலே இல்லை.

போகிறவர்கள் பின்பக்கமும் சுற்றிப் பாருங்கள். அங்கே சின்னஞ்சிறு மாடங்களில் இறந்தவர்களின் அஸ்திக் கலயங்களை வைத்திருக்கிறார்கள். பாட்டி அதிக நேரம் நின்றது அங்கேதான். "இவங்களுக்கெல்லாம் ஒரு எடம் இருக்கு" என்றார். வேறொன்றும் பேசவில்லை.

வெளியே வந்தால் எதிர்ப்புறம் இன்னொரு கோயில்.

"அது என்னப்பா?"

"பர்மா கோயில், பாட்டி. 1803லேயே வந்தது."

"சயாமுக்கும் பர்மாவுக்கும் இவ்வளவுதானா தூரம்?"

அந்த ரயில் பாதையின் நீளம் 415 கிலோமீட்டர். எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை. பாட்டியின் கையைப் பிடித்துச் சாலையைக் கடந்தோம்.

பர்மா கோயிலில் புத்தர் நெடிதுயர்ந்து நிற்கிறார். புத்தர் சிலைகளில் கைகள்தாம் பேசும். உள்ளங்கையை உயர்த்திக் காட்டினால் அபயம். நம் நடராசர் காட்டுவதும் அதுவே. உட்கார்ந்து விரலால் தரையைத் தொட்டால், ஞானம் பெற்ற நேரத்தில் பூமியைச் சாட்சிக்கு அழைத்ததாகப் பொருள். சீனரிடம் போன அவலோகிதரோ பெண்ணுருவாகிக் குவான் யின் அம்மன் ஆகிவிட்டார். ஆயர் ஈத்தாம் மலைக்கோயிலில் அந்த அம்மனுக்கு 2002இல் பெரிய வெண்கலச் சிலை எழுப்பியிருக்கிறார்கள்.

இவையெல்லாம் நமக்கு அந்நியம் என்று நினைத்துவிடாதீர்கள். இராசராச சோழன் காலத்தில் நாகப்பட்டினத்தில் புத்த விகாரம் கட்டியவன் கடாரத்து அரசன். கடாரம் என்பது நம் பக்கத்துக் கெடாதான்! நாகையில் 1856 முதல் தோண்டியெடுத்த செப்புப் புத்தர்கள் 350க்கும் மேல். அவற்றில் பலவற்றின் தலையுச்சியில் தீச்சுடர் ஒன்று எழுந்து நிற்கும். சயாம் நாட்டுப் புத்தர்களின் தலையிலும் அதே போன்ற சுடரைக் காணலாம்.

திரும்பும்போது ஃபெரியில் பாட்டி, பிள்ளைகளைப் பக்கத்தில் உட்காரவைத்துத் தம் அப்பாவின் பெயரைச் சொன்னார். இத்தனை வருடத்தில் நானே அதை அன்றுதான் கேட்டேன்.