சாம்பலும் காவியும்

சென்ற தை மாதம், செங்கல்பட்டிலுள்ள எங்கள் வீட்டுக்கு வண்ணம் பூச முடிவு செய்தோம். நாங்கள் என்றால் கணவன், மனைவி, அம்மா என மூவர். ஆனால் நிற அட்டையைப் புரட்டி வெளிர் சாம்பலைத் தேர்ந்தவர்கள் இருவர்தாம். "இது என்ன, பூசி முடிக்காத சிமென்ட் சுவராட்டம் இருக்கு?" என்றார் அம்மா. அவர் பிறந்தது சதுரங்கப்பட்டினத்தில். கிளிஞ்சல் சுண்ணாம்பில் சிறிது நீலம் கலந்து வெள்ளையடித்த சுவர்களே அவர் மனத்தில் நின்றவை.

வெளிர் சாம்பல் எளிய நிறமன்று. அதற்குள் நீலமோ பச்சையோ ஊதாவோ சற்றேனும் ஒளிந்திருக்கும். மூன்று மாதிரிகளைச் சுவரில் ஓர் அடி சதுரத்துக்குப் பூசி இரண்டு நாட்கள் பார்த்திருந்தோம். வடக்குச் சன்னல் அறையில் மூன்றுமே நீலம் பாரித்தன. தையில் அங்கே நேர் வெயில் விழாது. வானத்தின் ஒளி மட்டுமே வரும். கோடையில் நிலைமை மாறும். நம் ஊரில் சித்திரை நடுவிலிருந்து ஆடி முடிய, நண்பகல் சூரியன் தலைக்கு வடக்காகவே கடக்கிறது. இரவில் மஞ்சள் விளக்கின் கீழ் பச்சை கலந்த மாதிரி சேறாகத் தெரிந்தது. இறுதியில் சற்றே வெதுவெதுப்பான சாம்பலைத் தேர்ந்தோம். கதவு, நிலை, திரைச்சீலை யாவும் அதே சாயலில் அமைந்தன. வந்தவர்கள் பாராட்டினார்கள், நாங்களும் மகிழ்ந்தோம்.

மூன்றாம் நாள் இரவு, அம்மா சுவரைத் தடவியபடி நின்றிருந்தார். ஒரு கண்ணில் புரை நீக்கியாயிற்று. மறு கண்ணில் இன்னும் இருந்தது. "கதவு எங்கேன்னே தெரியல. வீடே மூட்டம் போட்டாப்ல இருக்கு" என்றார். நாங்கள் ஒத்திசைவு என்று கருதியது அவருக்கு விளிம்புகளே அற்ற வெளியாக இருந்திருக்கிறது.

அந்த ஞாயிறு அவரை மாமல்லபுரத்துக்கு அழைத்துச் சென்றோம். அர்ச்சுனன் தபசுப் பாறை கிழக்கு நோக்கியது. காலை வெயில் சாய்வாக விழ, ஒவ்வொரு உருவமும் தன் நிழலோடு எழுந்து நின்றது. "பூனை தவம் பண்ணுது பாரு!" என்று அம்மாவே முதலில் காட்டினார். உணவுக்குப் பின் மீண்டும் வந்தபோது சூரியன் பாறைக்குப் பின்னால் சாய்ந்திருந்தது. அதே பூனையை அவரால் கண்டுபிடிக்க இயலவில்லை. கல் ஒன்று, நிறமும் ஒன்று. உருவைக் காட்டியது நிழல். வீட்டுக்குள் அத்தகைய வெயில் ஏது? அந்த வேலையை நிற வேறுபாடுதான் செய்ய வேண்டும்.

திரும்பும் வழியில் அம்மா தம் பழைய வீட்டைப் பற்றிப் பேசினார். வெள்ளைச் சுவரின் அடியில் காவிப்பட்டை ஓடுமாம். அதை அலங்காரம் என்றே நாங்கள் எண்ணியிருந்தோம். சிம்னி விளக்கின் ஒளியிலும் சுவர் எங்கே முடிகிறது, தரை எங்கே தொடங்குகிறது என்று காட்டியது அந்தப் பட்டையல்லவா?

மறுநாள் பெயிண்டரை அழைத்து, நிலைகளுக்குக் காவியும், சுவரடியில் நான்கு விரற்கடைப் பட்டையும் பூசச் சொன்னோம். "சார், இது மேட்ச் ஆகாதே" என்று அவர் தயங்கினார்.

"எனக்கு வழி தெரியும்பா, அடி" என்றார் அம்மா.

பங்குனியில் மறு கண்ணுக்கும் சிகிச்சை முடிந்தது. காவியை நாங்கள் மாற்றவில்லை. எங்களுக்கும் வயது நாற்பதைக் கடந்துவிட்டது.