கீழே நிற்கும் சுரங்கள்



பெங்களூரில் நாங்கள் ஒற்றை அறையில் குடியிருந்த நாட்கள் அவை. வேலை முடிந்து வந்ததும் அண்ணன் கீபோர்டும் நான் கித்தாரும் வாசிப்போம். ஜாஸ் இசையைக் கற்கத் தொடங்கியபின் என் உள்ளத்தில் மேட்டிமை புகுந்தது. அண்ணன் வாசிக்கும் எளிய சுரங்கள் எனக்கு அற்பமாய்த் தோன்றின.

காரணத்தைச் சொல்லுகிறேன். சி செவன்த் என்னும் கார்டில் சி, ஈ, ஜி, பி பிளாட் என 4 சுரங்கள் உண்டு. அதே முறையில் ஒன்றுவிட்டு ஒன்றாக மேலே அடுக்கினால் டி, எஃப், ஏ கிடைக்கும். இவையே 9, 11, 13 ஆம் சுரங்கள். எஃப் சுரம் கீழேயுள்ள ஈயோடு மோதுவதால் அதை எஃப் ஷார்ப் ஆக உயர்த்துவார்கள். இப்பொழுது கவனியுங்கள்: டி, எஃப் ஷார்ப், ஏ. கித்தார் பழகும் சிறுபிள்ளையும் அறிந்த டி மேஜர் அல்லவா இது! வேறொரு கார்டின்மேல் இப்படி அமரும் மூன்று சுரங்களை அப்பர் ஸ்டிரக்சர் டிரையட் என்பர்.

சுரங்கள் 7, கித்தாருக்கோ தந்திகள் 6, அழுத்தும் விரல்கள் 4. எல்லாவற்றையும் ஒருவனே வாசிப்பது கடினம். ஜி இல்லாவிட்டாலும் கார்டின் குணம் மாறாது. ஆகவே அண்ணன் இடக்கையால் சியையும், வலக்கையால் ஈ, பி பிளாட் இரண்டையும் பிடிப்பார். நான் மேலுள்ள மூன்றை மட்டும் மீட்டுவேன். கேட்ட நண்பர்கள் என்னையே புகழ்ந்தார்கள்.

ஒரு மாலை, "நீங்கள் வாசிப்பதை யாரும் வாசிக்கலாம்" என்று அண்ணனிடம் சொல்லிவிட்டேன். அவர் கோபப்படவில்லை. "சரி தம்பி, நீ வாசி" என்று கைகளை எடுத்துக்கொண்டார். நான் மீட்டினேன். வெறும் டி மேஜர்தான் ஒலித்தது. அந்த அழகு எங்கே போயிற்று? விரலும் தந்தியும் மாறவில்லை. கீழே நின்றவர் மாத்திரம் விலகியிருந்தார்.

அந்தக் கித்தாரும் அவருடைய சம்பளத்தில் வாங்கியதே என்பது அப்பொழுதுதான் நினைவுக்கு வந்தது. அன்றிரவு என் நாவு எழவில்லை. மறுநாள் காலை, அவர் டிபன் பாக்ஸை எடுக்கும்போது, "அண்ணே, மன்னியுங்கள்" என்றேன். "சாயங்காலம் சீக்கிரம் வா, வாசிப்போம்" என்றார்.

அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் நகரில் 1923இல் பிறந்த வெஸ் மாண்ட்கோமரி, பிக் இல்லாமல் கட்டைவிரலாலேயே மீட்டி ஜாஸ் கித்தாரில் பெரும்பெயர் பெற்றவர். அவர் தம் சகோதரர்களோடு சேர்ந்து இசைத்த குழுவில் பேஸ் வாசித்தவர் அவருடைய அண்ணன் மாங்க். அந்த இசைத்தட்டுகளைக் கேட்கும்போது என் செவி இப்பொழுது முதலாவது பேஸைத்தான் தேடுகிறது.

அன்பானவர்களே, நீங்கள் மீட்டும் இனிமைக்குக் கீழே ஓசையின்றி நிற்பவர் யார்? அவர் கையை எடுக்குமுன்னே அவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.